கடற்கரைக் கீரை

நிலத்திற்கு எல்லை வகுப்பது மனிதனின் இயல்பு. அவன் வேலி கட்டுகிறான், வரப்பு இடுகிறான், கல் நடுகிறான். தான் வகுத்த எல்லை தன் பேரன் காலத்தும் நிலைக்கும் என நம்புகிறான். ஆனால் கடல் எந்த எல்லையையும் ஏற்பதில்லை. இன்று கரையாய் இருந்த இடம் நாளை நீராகிறது. இன்று நீர் நின்ற இடத்தில் மறு ஆண்டு மணல் மேடு எழுகிறது. அத்தகைய நிலையா நிலத்தையே தன் பிறந்தகமாகக் கொண்டு வாழும் செடி ஒன்று உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கீழைக் கடற்கரையில், அட்லாண்டிக் பெருங்கடலின் அலை வந்து தொடும் மணலில் அது முளைக்கிறது. அதனைக் கடற்கரைக் கீரை எனத் தமிழில் வழங்கலாம்.

கீரை என்று கூறுவது உறவு பற்றியே ஆகும். தமிழ்நாட்டு வீட்டுக் கொல்லைகளில் விளையும் தண்டுக்கீரையும் முளைக்கீரையும் எப்பேரினத்தைச் சேர்ந்தனவோ, அப்பேரினத்தைச் சேர்ந்ததே இச்செடியும். தாவர நூலார் அப்பேரினத்தை 'அமராந்தஸ்' என்பர். வாடாதது என்பது அப்பெயரின் மூலமான கிரேக்கச் சொல்லின் பொருள். 1808ஆம் ஆண்டில் ராஃபினெஸ்க் என்னும் இயற்கை நூலறிஞர் இச்செடியை ஆராய்ந்து, 'அமராந்தஸ் பூமிலஸ்' எனப் பெயரிட்டார். பூமிலஸ் என்பது குறுகிய வடிவைக் குறிக்கும் இலத்தீன் மொழிச் சொல். ஆகவே, 'வாடாத குறளன்' என்பது இதன் பெயர்ப்பொருள் ஆகிறது. பெயரில் வாடாமை அமைந்திருப்பினும், இதன் வாழ்வு வாடிய வரலாறு வருந்தத்தக்கது.

இச்செடி நிமிர்ந்து வளர்வதன்று. மணலோடு மணலாய்ப் படர்ந்து கிடப்பது. தண்டு சதைப்பற்று உடையது, செந்நிறம் வாய்ந்தது. இலைகள் சிறியவை, வட்டமானவை, தடித்துப் பளபளப்பவை. ஒவ்வோர் இலையின் நுனியிலும் நகத்தால் கிள்ளினாற்போல ஒரு சிறு பிளவு காணப்படும். பெரும்பாலும் இச்செடி ஓர் அடி அகலத்திற்குப் பரவும்; நல்ல இடம் வாய்த்தால் மூன்று அடிக்கு மேலும் விரிந்து, நூறு கிளைகள் வரை விடுவதும் உண்டு. இதன் பூக்கள் இலைக்கணுக்களில் ஒளிந்து கிடக்கும். கண்ணைக் கவரும் வண்ணமோ, மூக்கைக் கவரும் மணமோ அவற்றிற்கு இல்லை. கடற்கரையில் உலவ வருவோர் இதனை ஒரு களை என்று எண்ணி, மிதித்தே கடந்து செல்வர்.

இதன் வாழ்நாள் ஓர் ஆண்டிற்கும் குறைவு. இளவேனிற் காலத்தில், ஏப்பிரல் திங்களுக்கும் சூலைத் திங்களுக்கும் இடையே விதை முளைக்கும். கோடை முதிரும்போது செடி பூத்து, விதை ஈனத் தொடங்கும். பனிக்காலம் வந்ததும் பட்டுப்போகும். இத்துணைச் சிறிய செடிக்கு இயற்கை பெரியதொரு விதையைக் கொடுத்திருக்கிறது. தோட்டத்துக் கீரை விதை ஒரு மில்லிமீட்டர் அளவினது. கடற்கரைக் கீரையின் விதையோ இரண்டரை மில்லிமீட்டர் அளவினது. கருஞ்செம்மை நிறத்துடன் மின்னும் அவ்விதை நீரில் மிதக்க வல்லது; உலர்ந்த மணலிலே காற்றால் உருண்டோட வல்லது; மணலுக்கடியில் நெடுங்காலம் உறங்கிக் கிடக்கவும் வல்லது.

விதைகளைப் பங்கிடுவதில் இச்செடி காட்டும் முறை வியக்கத்தக்கது. சில விதைகள் உறையோடு கழன்று, காற்றிலும் நீரிலும் ஏறித் தொலைவிடம் செல்லும். சில விதைகள் தாய்ச் செடியை விட்டு நீங்கா. செடி பட்டு மணலில் புதையும்போது அவையும் உடன் புதைந்து, மறு ஆண்டு அவ்விடத்திலேயே முளைக்கக் காத்திருக்கும். பிள்ளைகளுள் ஒருவனை வீட்டைக் காக்க நிறுத்தி, மற்றவனைப் பொருள் தேட அனுப்பும் குடும்பத் தலைவனைப் போல, இச்செடி இருந்த இடத்தையும் இழவாது, வாராத வாய்ப்பையும் விடாது வாழ்கிறது.

கடல் ஓதம் உயர்ந்து ஏறி நிற்கும் எல்லைக்கும், மணற்குன்றின் அடிவாரத்திற்கும் இடையே ஓர் ஒடுங்கிய மணற்பரப்பு உண்டு. அதுவே இச்செடிக்கு உரிய இடம். சற்றுக் கீழே இறங்கினால் உப்பு நீர் வேரை மூழ்கடிக்கும். சற்று மேலே ஏறினால் பல்லாண்டு வாழும் மணற்புற்கள் நெருக்கும். இச்செடி உப்புக் காற்றையும் சுடுமணலையும் தாங்கும். மற்றொரு செடியின் நெருக்கத்தைத் தாங்காது. வெறுமையான மணலே இதற்கு வளமான வயல்.

இங்கு ஒரு விந்தையைக் காணலாம். காற்றில் பறந்து வரும் மணல் இச்செடியின் கிளைகளில் தடைப்பட்டு அங்கேயே தங்கும். மணல் உயர உயரச் செடியும் மேலெழும். பெரிய செடி ஒன்று இரண்டு அடி உயரம் வரை மணலைத் திரட்டிவிடும். அங்ஙனம் திரண்ட மணல் இரண்டு அல்லது மூன்று கனமீட்டர் இருக்கும் என அளந்து கண்டிருக்கின்றனர். ஒரு மணற்குன்றின் தொடக்கம் அது. குன்று தோன்றியதும் புல் வந்து குடியேறும். புல் குடியேறியதும் கீரை ஒழிந்துபோகும். பிறர் குடியிருக்க வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, வேறிடம் தேடிச் செல்லும் கொத்தனைப் போன்றது இதன் வாழ்வு. புயலும் பேரலையும் வந்து புல்லை அரித்து மணலை மீண்டும் வெறுமையாக்கும்போது, இதன் விதைகளுக்குப் புதிய இடம் கிடைக்கிறது. ஆதலால் கடலின் சீற்றம் இச்செடிக்குப் பகையும் ஆகும், உறவும் ஆகும்.

முற்காலத்தில் வடக்கே மாசச்சூசெட்ஸ் முதல் தெற்கே தென் கரோலினா வரை ஒன்பது மாநிலங்களின் கடற்கரைகளில் இக்கீரை முளைத்தது. 1993ஆம் ஆண்டில் கணக்கெடுத்தபோது, அவ்வொன்பதனுள் ஆறு மாநிலங்களில் இது காணப்படவில்லை. புயலும் பேரலையும் பன்னெடுங்காலமாக வீசிக்கொண்டுதான் இருந்தன. அவற்றிற்கு அழியாத செடி இருபதாம் நூற்றாண்டில் ஏன் அழிந்தது?

கடற்கரை ஓரம் வீடு கட்டியவன் அலைக்கு அஞ்சினான். கல்லாலும் கற்காரையாலும் சுவர் எழுப்பினான். சுவரில் மோதிய அலை அதன் முன்னுள்ள மணலை வாரிச் சென்றது. கீரைக்கு உரிய அந்த ஒடுங்கிய பரப்பு மறைந்தது. மணல் பறந்து போகாதிருக்க மரச்சட்ட வேலி நட்டனர். குன்றின் மேல் வரிசை வரிசையாகப் புல்லும் நட்டனர். குன்று உறுதி பெற்றது, வெறுமணல் குறைந்தது. இன்பப் பயணம் செய்வோர் கரை நெடுகிலும் வண்டி ஓட்டினர். மெல்லிய தண்டுகள் சக்கரத்தில் நசுங்கின. கரை தூய்மையாய் விளங்க வேண்டும் என்று எந்திரச் சீப்பினால் மணலை வாரினர். குப்பையோடு நாற்றும் போயிற்று. இவற்றைச் செய்தோர் எவரும் இக்கீரையை அழிக்க வேண்டும் என்று எண்ணியவர் அல்லர். பலர் அப்படி ஒரு செடி இருப்பதையே அறியாதவர். அறியாமையால் நேரும் அழிவு பகையால் நேரும் அழிவைவிடச் சிறியதன்று.

இங்ஙனம் நலிந்த செடிக்குப் புயலைத் தாங்கும் வலிமையும் குன்றியது. 1989ஆம் ஆண்டில் 'ஹியூகோ' என்னும் சூறாவளி தென் கரோலினாவைத் தாக்கியது. அதற்கு முன், 1988இல், அம்மாநிலத்தில் 1,800 செடிகள் இருந்தன. 1990இல் 188 செடிகளே எஞ்சின. பத்தில் ஒன்பது பங்கு ஒரு புயலில் மறைந்தது. முன்னாளில் ஒரு கரை அழிந்தால் மற்றொரு கரை விதை கொடுத்தது. மற்றக் கரைகள் சுவராகிவிட்ட பின்பு விதை கொடுப்பது யாது? 1993ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் அமெரிக்க அரசு இச்செடியை அழிவை நோக்கிச் செல்லும் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் அந்நாட்டுச் சட்டம், விலங்குக்குத் தனியார் நிலத்தில் தரும் முழுக் காவலைச் செடிக்குத் தருவதில்லை. எனவே, சட்டம் ஒரு கை. மக்களின் மனம் மறு கை. இரு கையும் கூடினாலன்றி ஓசை எழாது.

மேரிலாந்து, வர்ஜினியா என்னும் இரு மாநிலங்களின் ஓரமாக அசட்டீக் என்னும் நீண்டு ஒடுங்கிய மணல் தீவு ஒன்று கிடக்கிறது. அதன் நீளம் 37 மைல். காட்டுக் குதிரைகள் திரியும் தீவு என்று அது புகழ் பெற்றது. அத்தீவும் மணலின் நிலையாமைக்கு ஒரு சான்று. 1933ஆம் ஆண்டுப் புயல் நிலத்தை அறுத்து, புதிய முகத்துவாரம் ஒன்றைத் திறந்து, அதனை வடக்கிலுள்ள ஓஷன் சிட்டி என்னும் ஊரிலிருந்து பிரித்தது. பின்னர் அத்தீவை ஆயிரக்கணக்கான மனைகளாகப் பிரித்து விற்றனர், சாலையும் அமைத்தனர். 1962ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெரும்புயல் ஒன்று வந்து அச்சாலையைச் சிதைத்தது. மணல் தீவில் நகரம் நில்லாது என்பதைப் பலரும் உணர்ந்தனர். 1965ஆம் ஆண்டில் அத்தீவு நாட்டின் பொதுக் கடற்கரையாக அறிவிக்கப்பட்டது.

அத்தீவிலும் கடற்கரைக் கீரை மறைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அது அங்கே அற்றுவிட்டது என்றே அறிஞர் கருதியிருந்தனர். 1998ஆம் ஆண்டில் அம்மணலில் இரண்டு செடிகள் தென்பட்டன. இரண்டே இரண்டு! ஒரு குதிரையின் குளம்பு போதும்; ஒரு மானின் வாய் போதும்; ஓர் இரவின் அலை போதும், அக்கணக்கை முடித்துவிட. பூங்காப் பணியாளர் அவற்றைக் கண்ணெனக் காத்தனர். அவற்றின் வழித்தோன்றல்களை நாற்றங்காலில் வளர்த்து, 2000ஆம் ஆண்டு தொடங்கி 2002ஆம் ஆண்டு வரை தீவின் மணலில் நட்டனர். குதிரையும் மானும் மேயாதபடி செடிகளுக்குக் கம்பிக் கூடுகள் இட்டனர். நட்ட செடிகள் விதை ஈன்றன. அவ்விதைகளிலிருந்து எவரும் நடாத செடிகள் முளைத்தன. நட்டவனுக்கு நட்ட செடி தழைத்தால் மகிழ்ச்சி. நடாத செடி முளைத்தால் பெருமகிழ்ச்சி. அதுவே அவன் உழைப்புக்கு மண் தரும் மறுமொழி.

மறைந்த இடங்களில் இக்கீரை மீண்டும் தோன்றிய செய்திகள் வேறு சிலவும் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் தீவில் 1990ஆம் ஆண்டில் இது மறுபடியும் காணப்பட்டது. நியூ ஜெர்சி மாநிலத்தில் 1913ஆம் ஆண்டிற்குப் பின் எவர் கண்ணிலும் படாதிருந்த இச்செடி, 87 ஆண்டுகள் கழித்து 2000ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. டெலவேர் மாநிலத்தில் அதே ஆண்டில் தோன்றியபோது, அது முன்னர்க் காணப்பட்டு 125 ஆண்டுகள் கடந்திருந்தன. மூன்று தலைமுறை, நான்கு தலைமுறை மனிதர் தோன்றி மறைந்த காலம் அது. காணவில்லை என்பதாலேயே இல்லை என்று துணியலாகாது என்பதை ஒரு சிறு கீரை மனிதருக்குக் கற்பித்தது.

இப்பாடத்தை நன்கு கற்றவர், ஆண்டுதோறும் இச்செடியை எண்ணச் செல்வோரே ஆவர். கோடையின் பிற்பகுதியே எண்ணுதற்குரிய காலம். அதற்கு முன் சென்றால் நாற்று கண்ணுக்குப் புலப்படாது. அதற்குப் பின் சென்றால் புயல் முந்திக்கொள்ளும். எண்ணுவோர் சிலர் கூடி, அலை ஓரத்திலிருந்து குன்றின் அடிவரை இடம் விட்டு வரிசையாய் நின்று, கரையோடு கரையாக நடப்பர். பார்வை முன்னே செல்லும். கால் அதன் பின்னே செல்லும். காணாது வைத்த அடி தேடி வந்த செடியையே மிதித்துவிடும் அன்றோ! ஒரு செடியைக் கண்டதும் நின்று, அதன் இருப்பிடத்தை ஜி.பி.எஸ். கருவியால் குறிப்பர், அகலத்தை அளப்பர், விதை பிடித்துள்ளதா, இலையைப் புழு தின்றுள்ளதா, சக்கரத் தடம் அருகே உள்ளதா என நோக்கி எழுதுவர். பிறகு மீண்டும் நடப்பர். தலைக்கு மேல் வெயில். காலுக்குக் கீழ்ச் சுடுமணல். மைல் கணக்கில் வழி.

இப்பணியில் மிகக் கடினமானது, ஒன்றும் காணாத நாளில் 'ஒன்றுமில்லை' என எழுதுவது. சென்ற ஆண்டு நூறு செடிகள் நின்ற இடத்தில் இவ்வாண்டு ஒரு செடியும் இல்லை என்றால், எண்ணுபவர் உள்ளம் சோர்வடையும். அங்கு இருக்கக்கூடும் என்று நினைத்து ஓர் எண்ணை இட்டுவிடலாகாது. வெறுங்கையோடு திரும்புவதற்கு நாணி, அந்த நாளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடவும் கூடாது. சுழியமும் ஓர் எண்ணே. அதனை உள்ளவாறு எழுதி, மறு ஆண்டும் அதே கரைக்கு வந்து அதே கருத்தோடு நடப்பவரே உண்மையான காவலர். லாங் ஐலண்ட் கரைகளில் இக்கீரையின் தொகை 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் ஒரு நூறாயிரத்தையும் கடந்தது. பின்னர்ச் சில ஆயிரமாய்ச் சுருங்கியது. பெருகிய ஆண்டில் மட்டும் எண்ணியவர் காவல் வேண்டா என்பர். குறைந்த ஆண்டில் மட்டும் எண்ணியவர் காத்துப் பயனில்லை என்பர். தொடர்ந்து எண்ணியவரே இரு பிழையிலிருந்தும் தப்புவர்.

இதனை அறிந்தே, 1996ஆம் ஆண்டில் வகுத்த மீட்புத் திட்டத்தில் ஓர் அளவுகோல் வைத்தனர். பழைய ஒன்பது மாநிலங்களுள் ஆறிலேனும், இச்செடிக்கு ஏற்ற இடங்களில் நூற்றுக்கு 75 பங்கில், தொடர்ந்து 10 ஆண்டுகள் இது வாழ்ந்து காட்ட வேண்டும். அதன் பின்னரே இது அச்சம் நீங்கியதாகக் கருதப்படும். எத்தனை செடி என்பதைவிட, எத்தனை இடம், எத்தனை ஆண்டு என்பதே அங்குக் கேட்கப்படும் வினா.

இக்கீரைக்கு ஒரு தோழமையும் வாய்த்துள்ளது. உப்புக்கொத்தி இனத்தைச் சேர்ந்த சிறு பறவை ஒன்று அதே வெறுமணலில் முட்டையிடுகிறது. அதுவும் அருகிவரும் உயிர். 1986ஆம் ஆண்டு முதல் சட்டத்தின் காவல் பெற்றது. பறவையின் கூட்டைக் காக்கக் கம்பம் நட்டுக் கயிறு கட்டுகின்றனர். கயிற்றுக்குள் வண்டியும் வாராது, மனிதரும் வாரார். பறவைக்குக் கட்டிய கயிறு கீரைக்கும் வேலியாயிற்று. ஆனால் குஞ்சுகள் பறந்துவிட்டதும் கயிற்றை அவிழ்த்துவிட்டால், விதை முற்றாத கீரை காவலின்றி நிற்கும். ஆதலால் செடி உள்ள இடங்களில் கயிற்றை மேலும் சில திங்கள் விட்டுவைக்கின்றனர். அச்சிறு பொறுமையே ஒரு தலைமுறைக் கீரையைக் காத்துவிடுகிறது.

இனி, கடல்மட்டம் உயர்ந்துவரும் காலம் இது. முன்னே கடல் ஏறி வருகிறது. பின்னே சுவர் எழுந்து நிற்கிறது. இடையிலுள்ள மணல் பின்வாங்க இடமின்றி ஒடுங்குகிறது. கரையில் வாழும் குடும்பத்தாருக்கும் தம் வீடு அருமையானதே. அவர் அச்சத்தை எள்ளி நகையாடுதல் தகாது. ஆயினும் கரை முழுவதையும் கல்லாக்கிவிட்டால், கீரை மட்டும் அழிவதில்லை, உப்புக்கொத்தியும் அழியும், மக்கள் காலார நடந்து மகிழும் மணலும் அழியும். எங்கே வீடு இன்றியமையாததோ அங்கே காவல் செய்க. எங்கே கரை தன் போக்கில் நகர இயலுமோ அங்கே அதனை நகர விடுக. அசட்டீக் போன்ற தீவுகளில் அறிஞர் கண்ட வழி இதுவே.

பொதுவாக, ஒன்றைக் காத்தல் என்றால் அதனை அசையாமல் பிடித்து நிறுத்துதல் என்றே மனிதர் எண்ணுவர். கடற்கரைக் கீரையோ அக்கருத்தைத் திருத்துகிறது. இதன் இடத்தை உறுதியாக்க முயன்றவர் இதனை இழந்தனர். இதன் மணலைக் காற்றுக்கும் அலைக்கும் விட்டு, வழியில் நின்ற தடையை மட்டும் நீக்கியவர் இதனை மீண்டும் பெற்றனர். நெல்லைக் காப்பவன் வரப்பை உயர்த்துகிறான். இக்கீரையைக் காப்பவன் வரப்பைத் தாழ்த்துகிறான். காக்கப்படும் பொருளின் இயல்பை அறிந்து காப்பதே காவல்.

கோடை முடிந்து பனிக்காற்று வீசத் தொடங்கும்போது அசட்டீக் மணலில் கடைசிச் செடியும் கருகிச் சாய்கிறது. எண்ணியவர் ஏட்டை மூடிக்கொண்டு வீடு திரும்புகின்றனர். கரை வெறுமையாய்த் தோன்றுகிறது. ஆனால் மணலின் கீழே, கடுகினும் சற்றே பெரிய கரிய விதைகள் கண்மூடிக் கிடக்கின்றன. அடுத்த ஆண்டு அவை எங்கே எழும் என்பதை அலையே முடிவு செய்யும். எங்கே எழுந்தாலும், குனிந்து நோக்கி 'ஒன்று' என எழுத ஒருவர் அங்கே வர வேண்டும். அவர் வரும்வரை அவ்விடத்தில் மணலும் இருக்க வேண்டும்.